நர்ஸ் வேலைக்காக அயர்லாந்து போகிறேன். அங்கே பேசும் ஆங்கிலம் நமக்குப் புரியாது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். நீங்கள் இந்நேரம் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வை முடித்துவிட்டுப் பெட்டியில் புளியும் இட்லிப் பொடியும் அடுக்கிக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். லிசனிங்கில் எட்டு. அந்தத் திமிர் கார்க் நகரத்தில் முதல் நாள் குளிக்கப் போகும்வரைதான் தாங்கியது.

வீட்டுக்காரம்மா, "துண்டெல்லாம் ஹாட் பிரஸ்ல இருக்கு" என்றார். நான் இஸ்திரிப் பெட்டியைத் தேடினேன். இங்கே பிரஸ் என்றால் அலமாரி. வெந்நீர் சிலிண்டர் இருக்கும் அலமாரிதான் ஹாட் பிரஸ், அந்தச் சூட்டில் துணி காயும். மறுநாள் வார்டில் ஒருத்தி, "ஜன்னலோரம் யுவர் மேன் என்ன செய்றார் பார்" என்றாள். என் வீட்டுக்காரர் அப்போது பாளையங்கோட்டையில் இருந்தார்! யுவர் மேன் என்றால் 'அந்த ஆளு', அவ்வளவுதான்.

இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில். முதல் வருடம், டிசம்பர் 24 இரவு எனக்கு டியூட்டி. லண்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக ஆசை. கூட வேலை பார்க்கும் ஒருத்தியிடம், "எனக்குப் பதிலா அன்னைக்கு நைட் நீ பார்க்கிறியா?" என்று கேட்டேன். பிபி பட்டையைச் சுருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "ஐ வில், யா" என்றாள். பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். நல்ல மனசு, சிரித்த முகமாக ஒத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்து அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

நம் ஊரில் "ஆமா, செஞ்சு கிழிச்சிருவேன்" என்போமே, அதுதான் அந்த 'ஐ வில், யா'. 'வில்'லுக்குப் பிறகு குரல் லேசாகத் தொங்கும். கேட்டுப் பழகினால்தான் பிடிபடும். 23-ஆம் தேதி பட்டியலில் என் பெயர் அப்படியே இருந்தது. டிக்கெட் பணம் போச்சு. அதற்கு மேல், மேனேஜர் உன்னைப் பற்றி 'கிவிங் அவுட்' என்று ஒருத்தி வந்து சொல்ல, ஏதோ கொடுக்கிறார்கள் போல என்று வாங்கப் போனேன். கிவிங் அவுட் என்றால் திட்டுவது. வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

"ஆங்கிலம் தெரியாமல் போய்விட்டு ஊரைக் குறை சொல்கிறாயா" என்று கீழே ஒருவர் எழுதுவார், தெரியும். குறை சொல்லவில்லை. நான் மொழியியல் படித்தவளும் இல்லை, எனக்குத் தெரிந்தது கார்க் மட்டும்தான், டப்ளின்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம். இவர்களுக்கு ஐரிஷ் என்று சொந்த மொழி உண்டு. 1937 அரசியல் சட்டத்தில் அதுதான் முதல் ஆட்சிமொழி. வீட்டில் பேசுவதோ பெரும்பாலும் ஆங்கிலம். உள்ளே ஐரிஷ் எலும்பு அப்படியே இருக்கிறது. 'கிவிங் அவுட்' ஐரிஷிலிருந்து சொல்லுக்குச் சொல் வந்தது. 'ஐம் ஆஃப்டர் ஈட்டிங்' என்றால் இப்போதுதான் சாப்பிட்டேன் என்று அர்த்தம், சாப்பிடப் போகிறேன் என்றில்லை. ஐரிஷில் ஆம், இல்லை என்று தனிச் சொல்லே கிடையாது, வினைச்சொல்லையே திருப்பிச் சொல்வார்கள். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." நாமும் அப்படித்தானே? அதைத் தெரிந்துகொண்டபின் இவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் பாசமே வந்துவிட்டது.

நர்ஸாகப் போகிறவர் என்பதால் இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். 'கிராண்ட்' என்றால் பிரமாதம் இல்லை, நம்ம 'பரவாயில்லை'. மேற்குக் கார்க் விவசாயி ஒருவர், எழுபது வயதுக்கு மேல், எப்போது கேட்டாலும் "கிராண்ட், கர்ல்" என்பார். ஒருநாள் காலை "நாட் கிரேட்" என்றார். அப்படியே எழுதி வைத்துவிட்டு டீ குடிக்கும்போது மூத்த நர்ஸிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். கோப்பையை வைத்துவிட்டு, "நாட் கிரேட்னா சொன்னார்? அவர் வாயால?" என்று கேட்டபடியே ஓடினார். போய்ப் பார்த்தால் போர்வைக்குள் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கிறார், விரல் மூட்டெல்லாம் வெளுத்திருக்கிறது. சாயங்காலமே ஆபரேஷன். பிழைத்துக்கொண்டார்.

மொழியைவிட வீடுதான் இங்கே பெரிய தலைவலி, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஒரு அறையைப் பார்க்க முப்பது பேர் வாசலில் நிற்போம். வீட்டு ஓனர் சிரித்துக்கொண்டே "சொல்றேன்" என்பார். நானும் என் கணவரும் அப்படிப் பதினொரு 'சொல்றேன்' கேட்டிருக்கிறோம். ஒருத்தரும் சொல்லவில்லை. சரி, அது கிடக்கட்டும்.

எனக்கும் இப்போது ஒட்டிக்கொண்டது ஒன்று உண்டு. இவர்கள் போனை ஒரே 'பை'யில் வைக்க மாட்டார்கள். பை, பை, பை, பைபைபை என்று குரலைத் தேய்த்துக்கொண்டே போய்த்தான் வைப்பார்கள். போன மாதம் அம்மாவிடம் பேசி முடிக்கும்போது என்னை அறியாமல் அப்படியே சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து, "யாரட்டி விரட்டுத, கோழியையா?"