ஐ7 சரி, எந்த ஐ7?

கேள்வி: மகள் பி.காம். சி.ஏ. சேர்ந்திருக்கிறாள். டேலி, எக்செல் பழக வீட்டில் கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறாள். கையில் இருப்பது 20,000 ரூபாய். மதுரையில் ஒரு கடையில் ‘ஐ7, 8 ஜிபி ரேம், புது கேபினட்’ என்று மானிட்டர் இல்லாமல் 13,000 சொல்கிறார்கள். வாங்கலாமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, உசிலம்பட்டி

பதில்: எந்த ஐ7 என்று கேட்டீர்களா அம்மா? ஐ7 என்பது கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரில், இன்டெல் கம்பெனி வைத்த, பொன்னி என்கிற மாதிரி ஒரு ரகப் பெயர். பழசா புதுசா என்று மூட்டையைப் பிரித்தால்தான் தெரியும். அரிசியிலாவது பழசுக்கு மதிப்பு உண்டு.

பெயருக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ7-2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011இல் வந்தது. ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை, 2018. வேலையைப் பகிர்ந்து செய்யும் ‘கோர்’ அந்த ஐ7இல் 4, இந்த ஐ5இல் 6. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான். “இதிலேயே 11 ஓடுதே” என்று போட்டுக் காட்டுவார்கள். ஓடும், குறுக்குவழியில் நானே ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. டேலி விண்டோஸில் ஓடுவது என்பதால் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் பேச்சை உங்களிடம் எடுக்கவில்லை.

அப்புறம் அந்தப் ‘புது கேபினட்’. சிம்மக்கல்லில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நானே அதில் ஏமாந்தவன். தம்பி மகனுக்காக அவசரத்தில் திறந்து பார்க்காமல் வாங்கிவிட்டேன். வீட்டில் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால், மதர்போர்டில் மூன்று கெப்பாசிட்டர் கெட்டுப்போய் உப்பி நிற்கிறது. உள்ளே கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் இரண்டு பல்லி முட்டை. கேபினட் மட்டும் பளபள.

உங்களுக்கு என் சிபாரிசு, கம்பெனிகளிலிருந்து கழித்து வரும் டெல் ஆப்டிப்ளெக்ஸ் 3060, ஹெச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4 போன்றவை. ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், ஃபைல்களைச் சேமிக்க 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. 8 ஜிபியை ஒரே ஸ்டிக்காகக் கேளுங்கள், இன்னொரு ஸ்லாட் பின்னாளுக்கு இருக்கட்டும். பணம் கொடுக்கும் முன் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ப்ராசஸரின் முழுப்பெயர் இருக்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் உழைத்திருக்கிறது என்பதும் தெரியும். மூடியைக் கழற்றிக் காட்ட மாட்டேன் என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். மிச்சப் பணத்தில் பழைய மானிட்டரும் ஒரு யுபிஎஸ்ஸும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு ஸ்லிம் ஆப்டிப்ளெக்ஸில் கேம் விளையாட கிராஃபிக்ஸ் கார்டு போடலாமா?
— கல்லூரி மாணவர், மேலூர்

பதில்: போடலாம், ஆனால் உயரம் குறைந்த ‘லோ புரொஃபைல்’ கார்டுதான் உள்ளே நுழையும். கார்டுக்குத் தனி பவர் வயரும் அதில் இருக்காது. ஸ்லாட் தருகிற 75 வாட்டுக்குள் முடிய வேண்டும். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 கார்டில் அப்படி ஒரு குட்டை ரகம் உண்டு. வாங்கும்போது கார்டைக் கேபினட்டில் மாட்டும் குட்டைத் தகடு (பிராக்கெட்) பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு தம்பி. பாதிப் பேர் அது இல்லாமல்தான் என் கடைக்கு வருகிறார்கள்.