வாங்குவோர் கேள்வி-பதில்: சுவரைத் தட்டிப் பார்த்து பிட் வாங்குங்கள்

ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டு வேலையை முடிக்கிற அவசரமோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சுவரில் ஓட்டை போடுவது பற்றித்தான். அதற்கு டிரில் மிஷினில் மாட்டுகிற துளைக் கம்பிதான் பிட். எல்லாவற்றையும் கத்தரித்திருக்கிறேன். கடைக்காரரின் வம்ச வரலாற்றை எழுதி அனுப்பிய இருவரும் பொறுத்துக்கொள்ளவும்.

புது டிரில் மிஷின், புது சுவர் பிட். சிமெண்ட் பிளாக் சுவரில் கால் மணி நேரம் அழுத்தியும் அரை அங்குலம் இறங்கவில்லை. நுனி நீலமாகிவிட்டது. பிட் போலியா?
– வாசகர், உச்சிப்புளி

விசைக்கு மேலே இருக்கிற சின்ன நெம்புகோலைப் பாருங்கள், ரிவர்ஸில் கிடக்கும். அது சரியாக இருந்தால், சுத்தியல் படம் போட்ட குமிழைத் திருப்பாமல், அதாவது ஹேமர் என்கிற இடிப்பு இல்லாமல், வெறும் சுழற்சியில் ஓட்டியிருப்பீர்கள். எதுவானாலும் அந்த பிட் வெந்துவிட்டது. கடைக்காரரை விட்டுவிடுங்கள்.

கான்கிரீட் பிட் என்று கேட்டேன். தங்க நிறத்தில் ஐந்து பிட் கொடுத்து, "எல்லாச் சுவருக்கும் ஆகும்மா" என்றார். 480 ரூபாய். முதல் ஓட்டையிலேயே நுனி தேய்ந்து மொட்டையாகிவிட்டது. திரும்பக் கொண்டுபோனால், பில்லைக் காட்டுகிறார்: "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது."
– வாசகி, தேவிபட்டினம்

உங்கள் மேல் தப்பே இல்லையம்மா. கேட்டது ஒன்று, கொடுத்தது வேறு. உங்களுக்குக் கொடுத்தது இரும்புத் தகடு துளைக்கிற பிட். மேலே பொன் நிறப் பூச்சு. உள்ளே நுனி முதல் அடிவரை ஒரே உலோகம், கூரான முனை. சுவர் பிட் அப்படி இருக்காது. அதன் தலையில் டங்ஸ்டன் கார்பைடு துண்டு ஒன்றைக் குறுக்கே பற்றவைத்திருப்பார்கள். சாம்பல் நிறமாக, உளி வாய் மாதிரி மழுங்கலாகத் தெரியும், தண்டைவிட ஒரு மயிரிழை அகலமாகவும் இருக்கும். விரலால் தடவினாலே அந்தத் திட்டு தட்டுப்படும். கூர்மையாக இல்லையே என்று பலரும் நல்ல பிட்டை ஒதுக்கிவிட்டுத் தவறானதை எடுப்பதும் இதனால்தான். சுவர் பிட் சுவரை அறுப்பதில்லை, இடித்துப் பொடியாக்குகிறது.

இனி அந்த பில் வாசகம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடைக்காரர் வாயால் சொன்ன தரம் பொருளில் இல்லாவிட்டாலும் அது குறைபாடுதான். குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அதே கணக்கில் வரும். பில்லையும் தேய்ந்த பிட்டையும் படம் எடுத்துக்கொண்டு, இந்த 30 நாள் விஷயத்தை எழுதிய தாளோடு ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள். மசியவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அப்பால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 480 ரூபாய்க்கா என்று நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், போனது அவர்கள் பணம் இல்லையே.

கூரைத் தளத்தில் ஓட்டை போட்டு, ஸ்க்ரூவைப் பிடிக்கிற 8 எம்.எம். பிளாஸ்டிக் பிளக் நாலு சொருகி பேரனுக்கு ஊஞ்சல் மாட்டியிருக்கிறேன். தாங்குமா?
– வாசகர், ஏர்வாடி

தாங்காது. முதலில் பேரனை இறக்குங்கள், பிறகு ஊஞ்சலை.

டி.வி. ஸ்டாண்டு மாட்டினோம். 8 எம்.எம். பிட், 8 எம்.எம். பிளக், எல்லாம் சரியான அளவு. ஆனாலும் பிளக் கையோடு வருகிறது. வேலைக்கு வந்த தம்பி விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்துச் சொருகி முறுக்கிவிட்டுப் போய்விட்டார்.
– வாசகர், தங்கச்சிமடம்

விளக்குமாற்றுக் குச்சி! நாம் எல்லோருமே ஒருநாள் அதன் தயவில் வாழ்ந்தவர்கள்தான். ஆனால் பத்துப் பதினைந்து கிலோ டி.வி.யை அதை நம்பித் தொங்கவிடாதீர்கள்.

அளவு சரி, சுவரை யாரும் கேட்கவில்லை. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். "டொக்" என்று குடம் மாதிரிச் சத்தம் வந்தால் ஹாலோ பிளாக், உள்ளே வெற்றிடம். அதில் ஹேமரைப் போட்டு அடித்தால் வெளியே ஓட்டை வட்டமாகத் தெரியும், உள்பக்க ஓடு தட்டையாக உடைந்து உதிர்ந்திருக்கும். பிளக் பிடிக்க இடமே இருக்காது. ஹாலோ பிளாக்கில் ஹேமரை அணைத்து வெறும் சுழற்சியில் மெதுவாகப் போடுங்கள். உள்ளே போய் விரிகிற அல்லது முடிச்சு விழுகிற நீள வகை பிளக் கேட்டு வாங்குங்கள்.

கெட்டிச் சுவர் என்றால் சந்தேகம் பூச்சு மேல். சிமெண்ட் பூச்சே 12 முதல் 20 எம்.எம். வரை இருக்கும். ஒன்றரை அங்குல பிளக் போட்டால் பாதி பூச்சிலேயே நிற்கும், பூச்சுக்கு இழுப்பைத் தாங்குகிற பலம் கிடையாது. பிளக் முழுவதும் கல்லுக்குள் போய் உட்கார வேண்டும், ஓட்டை அதைவிட 10 எம்.எம். ஆழம் கூடுதலாக இருக்க வேண்டும். பிட்டில் அந்த ஆழத்துக்கு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றினால் அளவுகோல் வேண்டாம். கை ஆடினாலும் 8 போய் 9 ஆகிவிடும், தம்பியின் கை ஆடியிருக்கலாம். பழைய ஓட்டையை விட்டு இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம், அந்த வழியாகத்தான் வயர் இறங்கும்.

எங்கள் லாட்ஜில் குளியலறை டைல்ஸில் டவல் கம்பி மாட்டும்போது நான்கு டைல்ஸ் விரிந்துவிட்டது. எந்தக் கம்பெனி டைல்ஸ் உடையாமல் இருக்கும்?
– வாசகர், ராமேஸ்வரம்

ஹேமர் போட்டு அடித்தால் எந்தக் கம்பெனி டைல்ஸும் உடையும். முதல் டைல்ஸ் விரிந்தபோதே நிறுத்தியிருக்கலாம், நான்காவது வரை போயிருக்கிறீர்கள். ஈட்டி முனை டைல்ஸ் பிட், மேலே ஒட்டிய டேப், குறைந்த வேகம், ஹேமர் இல்லை. கண்ணாடி மாதிரி இறுகிய விட்ரிஃபைடு டைல்ஸில் ஈட்டி முனையும் வழுக்கும், அதற்கு டைமண்ட் பூசிய குழல் பிட் வாங்கித் தண்ணீர் விட்டுக்கொண்டே போட வேண்டும். டைல்ஸைத் தாண்டிய பிறகு சுவர் பிட்டுக்கு மாறுங்கள்.

ஆன்லைனில் நூறு பீஸ் டிரில் செட் 799 ரூபாய்க்கு வருகிறது. சுவர், மரம், இரும்பு எல்லாவற்றுக்கும் இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், மண்டபம்

வேண்டாம். இத்தோடு நிறுத்தினால் பக்கம் மிஞ்சும், என் வயிற்றெரிச்சல் தீராது.

நானும் ஒரு பெட்டி வாங்கினேன். நீலப் பெட்டி, உள்ளே பஞ்சு மாதிரி நுரைப் படுக்கை, திறந்தால் கல்யாணச் சீர்வரிசை மாதிரிப் பளபளப்பு. நூற்றைந்து உருப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினேன். ஸ்க்ரூவும் பிளக்குமாக அறுபது. ஸ்க்ரூடிரைவர் முனை இருபது. மரத்துக்குப் பத்து, இரும்புக்குப் பத்து. சுவருக்கு? ஐந்தே ஐந்து. அந்த ஐந்தில் எனக்கு வேண்டியிருந்தது இரண்டு. அதில் 8 எம்.எம். பிட், சமையலறை லின்டலில் (சன்னல், கதவுக்கு மேலே வரும் கான்கிரீட் விட்டம்) முதல் ஓட்டையிலேயே பற்றவைத்த இடம் விட்டு, கார்பைடு துண்டைக் கான்கிரீட்டுக்குள் வைத்துவிட்டுத் தலையில்லாமல் வெளியே வந்தது. அந்தத் துண்டு இன்றும் சுவருக்குள்தான் இருக்கிறது. அலமாரி வேறு சுவருக்குப் போய்விட்டது.

மீதி நூறு? நம் ஊர் உப்புக்காற்றுக்கு அந்த நுரைப் படுக்கை ஒரு ஈரத்துணி. அடுத்த ஆடிக்குள் துரு ஏறி, பிட்டுகள் பெட்டியோடு ஒட்டிக்கொண்டன. மதுரைக்காரர் வாங்கினால்கூட நாலு வருஷம் அழகு பார்க்கலாம். மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் இதை வாங்குவது துருவுக்கு முன்பணம் கொடுப்பது.

ஒரு வீட்டுக்கு வேண்டியது மூன்று சுவர் பிட். படம், திரைச்சீலைக் கம்பிக்கு 6 எம்.எம்.; அலமாரி, டி.வி.க்கு 8, சுவருக்குள் விரிந்து பிடிக்கிற ஆங்கர் போல்ட் மாதிரிப் பெரிய வேலைக்கு 10. பிளக் என்ன அளவோ பிட் அதே அளவு. 6 பிளக்குக்கு 8 நம்பர் ஸ்க்ரூ, 8 பிளக்குக்கு 10 நம்பர். மூன்றையும் தனித்தனியாக, தெரிந்த கம்பெனியில் வாங்குங்கள். பாக்கெட்டில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., புகார் சொல்ல எண் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும் என்பது சட்டம். அது இல்லாத பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். சூடேறிய பிட்டைத் தண்ணீரில் மட்டும் முக்காதீர்கள், கார்பைடு விரிசல் விடும்.

மாமனாரின் பாட்டனார் கட்டிய வீடு. பவளக்கல், சுண்ணாம்புக் காரை, இரண்டடி கனச் சுவர். அலமாரிக்கு 8 எம்.எம். ஓட்டை போட்டால் வெள்ளை மாவாகக் கொட்டி விரல் நுழையும் அளவுக்குப் பெரிதாகிவிட்டது. எந்த பிட் வாங்குவது?
– வாசகி, கீழக்கரை

இந்தச் சுவரிடம் முரட்டுத்தனம் கூடாது. கல்லே கண் கண்ணாக இருக்கும், காரை அதைவிட மென்மை. ஹேமரை அணைத்துவிடுங்கள். சாதாரண 6 எம்.எம். சுவர் பிட்டில் வெறும் சுழற்சி போதும். 8 பிளக் போட வேண்டுமென்றாலும் 6-ல் தொடங்கிப் பிறகு அகலப்படுத்துங்கள். பிளக் நாலு அங்குல நீளம் இருக்கட்டும், கனமான வேலைக்கு வலைக் குழலோடு வரும் கெமிக்கல் ஆங்கர், ஓட்டைக்குள் பசையாக ஊற்றி இறுகவிடுவது. பழைய கொத்தனார்கள் செய்தபடி தேக்கு ஆப்பு அடித்து அதில் ஸ்க்ரூ போடுவதும் குறைந்த வழியல்ல.

என்னைக் கேட்டால், அலமாரியைத் தரையில் நிற்க வையுங்கள், சாயாமல் இருக்க மட்டும் சுவரில் இரண்டு பிடி. ஏனென்றால் அந்தக் கல்லுக்கு மாற்று கிடையாது. 2001-லிருந்து பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. உடைத்துவிட்டு இன்னொன்று கடலில் எடுத்து வைக்க முடியாது. ஸ்க்ரூ எவர்சில்வராக இருக்கட்டும், அந்தக் கல்லுக்குள்ளேயே உப்பு இருக்கிறது.

போன தை மாதம் மாட்டிய ஸ்க்ரூ எல்லாம் துரு. சுவரில் செம்பழுப்புக் கோடு இறங்குகிறது. எஸ்.எஸ்., அதாவது எவர்சில்வர் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.
– வாசகர், பாம்பன்

ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். கெட்டியாக ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் ஜிங்க் பூசிய இரும்பு, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். தேவிபட்டினம் அம்மாவுக்குச் சொன்ன சட்டமே உங்களுக்கும். ஒட்டவில்லையென்றால் எவர்சில்வரில் 304 ரகமாக இருக்கலாம், கடலுக்கு இவ்வளவு அருகில் அதுவும் கறை பிடிக்கும். வெளிச்சுவருக்கு 316 கேளுங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, உப்பைத் தாங்குவது அதுதான். 304-ஆ 316-ஆ என்பதைக் காந்தம் சொல்லாது. பில்லில் "எஸ்.எஸ். 316" என்று எழுதி வாங்குங்கள்.

கான்கிரீட்டை இடித்துத் துளைக்கிற பெரிய மிஷின், ரோட்டரி ஹேமர், வாங்கலாமா? வீட்டில் பத்துப் பன்னிரண்டு ஓட்டைதான் வேலை.
– வாசகர், தொண்டி

வாடகைக்கு எடுங்கள். எடுக்கும்போது பிட்டின் அடிப்பாகத்தையும் பாருங்கள். ரோட்டரி ஹேமருக்குக் காடி வெட்டிய எஸ்.டி.எஸ். பிளஸ் தண்டு, சாதாரண மிஷினுக்கு உருண்டைத் தண்டு. ஒருமுறை நான் எஸ்.டி.எஸ். பிட்டை வாங்கிவந்து, வீட்டு டிரில்லின் சக்கில் (பிட்டைப் பிடிக்கிற வாய்) திணித்து முறுக்கினேன். பிட் கோயில் தேர் மாதிரி அசைந்தது. கடைக்காரர் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார், நானும் கேட்காமலே வாங்கினேன்.

பீமில் ஒரு அங்குலம் இறங்கியதும் "கிண்" என்று சத்தம், பொறி பறக்கிறது. இன்னும் வலுவான பிட் வாங்கலாமா?
– வாசகர், பெரியபட்டினம்

வாங்காதீர்கள். அது கான்கிரீட்டுக்குள் இருக்கிற இரும்புக் கம்பி. அதை அறுத்தால் நஷ்டம் பிட்டுக்கு மட்டுமல்ல. இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். விட்டுவைத்த ஓட்டையை அப்படியே விடாமல், சுருங்காத கிரவுட் கலவை வைத்து அடையுங்கள். கடற்காற்று நேரே படும் கட்டடத்தில் கம்பிக்கு மேல் 45 எம்.எம். கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. உங்கள் பீமில் ஒரு அங்குலத்திலேயே கம்பி வந்துவிட்டது. கட்டியவரிடம் பேச உங்களுக்கு வேறு விஷயமும் இருக்கிறது.

ஓட்டைக்குள் இருக்கும் தூசியை எடுக்கக் கடையில் தனியாக பம்ப் விற்கிறார்களே, அவசியமா?
– வாசகி, ராமநாதபுரம்

தூசியை எடுப்பது அவசியம், அதன் மேல் பிளக் வழுக்கும். பம்ப் அவசியமில்லை, சைக்கிள் பம்ப் போதும். வாயால் மட்டும் ஊதாதீர்கள். நான் ஊதினேன். இரண்டு நாள் ஒற்றைக் கண்ணோடு அலைந்தேன்.