பிசிஏஏவை நிறுத்தினால் தசை கரைந்துவிடுமா?

கேள்வி: எனக்கு 34 வயது, எடை 68 கிலோ. எட்டு மாதமாக வாரத்துக்கு நான்கு நாள் ஜிம்முக்குப் போகிறேன். டிரெய்னர் சொல்லி, பயிற்சிக்கு முன்பும் பின்பும் பிசிஏஏ பவுடர் கலந்து குடிக்கிறேன். டப்பா தீரப்போகிறது. “இப்போது நிறுத்தினால் ஏற்றிய தசையெல்லாம் கரைந்துவிடும்” என்கிறார். மறுபடி வாங்கவா, விட்டுவிடவா?

பதில்: விட்டுவிடுங்கள். தசை கரையாது. பயிற்சியை நிறுத்தினாலோ, சாப்பாட்டில் புரதம் குறைந்தாலோதான் தசை போகும். அந்த இரண்டும் சரியாக இருந்தால் இந்த டப்பாவுக்கு அங்கே வேலையே இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். நம் உடலின் புரதங்கள் 20 அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றில் 9 மட்டும் உடலால் தயாரிக்க முடியாதவை, சாப்பாட்டில் வந்தே ஆக வேண்டும். உங்கள் டப்பாவில் இருப்பது அந்த ஒன்பதில் மூன்று: லியூசின், ஐசோலியூசின், வேலின். இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் பிசிஏஏ என்று பெயர். இதில் லியூசின் முக்கியமானதுதான், மறுக்கவில்லை. தசை கட்டும் வேலையைத் தொடங்கு என்று குரல் கொடுப்பதே அது. ஆனால் மேஸ்திரி ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டார், கல்லும் மணலும் வரவில்லை என்றால் என்ன நடக்கும்? மற்ற ஆறு அமினோ அமிலங்கள் வெளியிலிருந்து வராதபோது, உடல் தன் சொந்தத் தசையை உடைத்துத்தான் அவற்றை எடுக்க முடியும். பக்கத்துச் சுவரை இடித்து இந்தச் சுவரைக் கட்டுவது போல. தசை கரையாமல் காக்கும் என்று விற்கப்படும் பொருள் வெறும் வயிற்றில் போனால், அதன் பலன் அங்கேயே முட்டி நின்றுவிடுகிறது.

2017இல் ஓர் ஆய்வில், பயிற்சி முடித்த இளைஞர்களுக்கு 5.6 கிராம் பிசிஏஏ கொடுத்துப் பார்த்தார்கள். தசைப் புரதம் உருவாகும் வேகம் 22 சதவீதம் கூடியது. இந்த எண்ணைத்தான் விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். முந்தைய ஆய்வுகளில், ஏறக்குறைய அதே அளவு பிசிஏஏ அடங்கிய வே புரோட்டீன் (பாலிலிருந்து பிரித்தெடுக்கும் புரதம்) தந்ததில் இது ஏறக்குறைய பாதிதான் என்பதும் அதே ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. அதை யாரும் சுவரொட்டியில் போடுவதில்லை.

சரி, உங்களுக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? எடை தூக்கிப் பயிற்சி செய்பவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு சுமார் 1.6 கிராம் போதும். அதற்கு மேல் போனால் தசை வளர்ச்சியில் பெரிய லாபம் தெரியவில்லை என்று 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டின் அலசல் சொன்னது. 68 கிலோவுக்கு ஏறக்குறைய 109 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 250 மில்லி பாலில் 8 கிராம் இருக்கும். பருப்பு, மீன், இறைச்சி, தயிர், சோயா என்று நீங்கள் சாப்பிடுவதை மூன்று நாள் எழுதிக் கூட்டிப் பாருங்கள். 109ஐ ஒட்டி வந்தால் எந்தப் பவுடரும் வேண்டாம். குறைந்தால் முதலில் சாப்பாட்டைக் கூட்டுங்கள். அப்படியும் எட்டவில்லை என்றால் சாதாரண வே புரோட்டீன் போதும், ஒன்பது அமினோ அமிலமும் அதிலேயே இருக்கின்றன. குளூட்டமைன் என்ற இன்னோர் அமினோ அமில டப்பாவும் இதே கதைதான், அதையும் தொட வேண்டாம்.

இனி நான் எல்லோரிடமும் சொல்கிற விஷயம். உங்களுக்குப் பவுடரைப் பரிந்துரைத்தவர்தான் அதை விற்றவருமா? அப்படியென்றால் ஒவ்வொரு டப்பாவிலும் அவருக்குக் கமிஷன் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். “நிறுத்தினால் கரைந்துவிடும்” என்ற வாக்கியத்தைப் பல வருடங்களாக ஒரே அச்சில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் டப்பா தீரப்போகிற வாரத்தில்தான் அது சொல்லப்படுகிறது.

போன மாதம் ஒருவர் தன் புரோட்டீன் டப்பாவை என் மேசைக்கே கொண்டுவந்தார். முன்பக்கம் கொட்டை எழுத்தில் ஒரு ஸ்கூப்புக்கு 25 கிராம் புரதம். திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். உட்பொருள் பட்டியலில் வே புரோட்டீனை அடுத்து கிளைசின், அதை அடுத்து டாரின். இந்த வேலைக்கு அமினோ ஸ்பைக்கிங் என்று பெயர். பல பரிசோதனைக் கூடங்கள் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. பவுடரில் உள்ள நைட்ரஜனை அளந்து, 6.25ஆல் பெருக்கி, அதையே புரதம் என்று கணக்கிடுகின்றன. 1883இல் வந்த கெல்டால் முறை அது. கிளைசினிலும் டாரினிலும் நைட்ரஜன் உண்டு, விலையோ மலிவு. கலந்துவிட்டால் கணக்கில் புரதம் ஏறிவிடும், தசைக்கு எதுவும் போகாது. எனவே புரோட்டீன் டப்பாவில் கிளைசின், டாரின் என்று தனியாக எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். புரோப்ரைட்டரி பிளெண்ட் என்று மொத்த எடையை மட்டும் போட்டு, எது எவ்வளவு என்று சொல்லாததையும் அப்படியே.

இதையெல்லாம் நீங்களும் நானும் ஏன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்? மருந்து என்றால் வேலை செய்கிறது என்று நிரூபித்த பிறகே கடைக்கு வரும். சப்ளிமென்ட் பல நாடுகளில் உணவுக் கணக்கில் வருவதால், முதலில் விற்பார்கள், புகார் வந்தால் அப்புறம் பார்ப்பார்கள். 2004இல் வெளியான ஓர் ஆய்வில் 13 நாடுகளிலிருந்து வாங்கிய 634 சப்ளிமென்ட்களைச் சோதித்தார்கள். 94இல், லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு வகைகள் இருந்தன. இத்தனை வருடம் கழித்தும் லேபிளை நம்பலாமா என்ற கேள்வியோடு மக்கள் என்னிடம் வருகிறார்கள் என்பது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

ஒரு விதிவிலக்கை மட்டும் விளக்கமாகச் சொல்ல வேண்டும், உங்கள் வீட்டில் யாருக்காவது பயன்படலாம். வயது 65, 70ஐத் தாண்டியவர்களின் தசை, சாப்பிட்ட புரதத்துக்கு முன்பு போல எளிதில் அசைந்துகொடுக்காது. ஒரு வேளைக்கு இளைஞரைவிடக் கூடுதல் புரதம் தேவைப்படும் வயதில், பசி குறைந்துவிடுகிறது. மெல்ல முடிவதில்லை, பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறார்கள். நோயில் படுத்து எழுந்தவர் என்றால் கால் தசை கண்ணெதிரே வற்றும். இவர்களுக்கு, ஒன்பதும் சேர்ந்த, லியூசின் கூடுதலாக உள்ள அமினோ அமிலக் கலவை சில கிராம் கொடுத்தால் பலன் கிடைக்கிறது. வயிறு நிறைவதில்லை, தசைக்கு வேண்டியது போய்ச் சேர்கிறது. கவனியுங்கள், ஒன்பதும் சேர்ந்தது. உங்கள் டப்பாவில் இருக்கும் மூன்று அல்ல. அதையும் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது, கூடவே கொடுக்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது போன்ற எளிய பயிற்சியாவது சேர வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. 34 வயதில் நன்றாகப் பசியெடுத்துச் சாப்பிடும் உங்களுக்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது. “வயதானவர்களுக்கே வேலை செய்கிறது, உனக்குச் செய்யாதா” என்று யாராவது சொன்னால், அதற்காகவே இவ்வளவு எழுதியிருக்கிறேன்.

டப்பாவில் மிச்சமிருப்பதைக் கொட்ட வேண்டாம். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்து முடியுங்கள், கெடுதல் இல்லை. நிறுத்திய நாளிலிருந்து ஆறு வாரம், எந்த உடற்பயிற்சிக்கு எத்தனை கிலோ தூக்கினீர்கள், எத்தனை முறை என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். டிரெய்னர் மறுபடி கேட்டால் அந்த நோட்டைக் காட்டுங்கள்.