பை வைக்கும் சத்தம்

கேள்வி: எனக்கு 46 வயது. ஒன்பது வருடமாக கோல்ஃப் ஆடுகிறேன். ஆரம்பத்தில் மளமளவென்று முன்னேறி, ஹேண்டிகேப் (ஆட்டக்காரருக்குத் தரும் அடிச் சலுகை, குறையக் குறைய நல்லது) 30-லிருந்து 18-க்கு வந்தது. கடந்த மூன்று வருடமாக அங்கேயே நிற்கிறது. தூரமாக அடிக்கும் டிரைவர் மட்டையை இரண்டு முறை மாற்றிவிட்டேன். பயிற்சியாளரிடம் போனேன். ஸ்விங் வீடியோ பார்க்காத இரவு கிடையாது. ஒரு ரவுண்டை 90 அடிக்குள் முடித்தால் அந்த வாரம் முழுக்க மிதப்பேன். மற்ற நாட்களில் எதற்கு வந்தோம் என்றிருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்: நான் வந்து பையை வைக்கிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு எத்தனை என்று என் 11 வயது மகள் சொல்லிவிடுவாள், கெட்டிக்காரி! என்னோடு ஆடும் நண்பர் ஒருவருக்கு ஹேண்டிகேப் 28. முன்னேற்றமே இல்லை, ஆனால் ஒரு ஞாயிறுகூடத் தவறவிடுவதில்லை. இவர்களையெல்லாம் எது ஆட வைக்கிறது? எனக்கு மட்டும் அது எங்கே போயிற்று? விட்டுவிடலாமா?

பதில்: டிரைவரைப் பற்றியும் வீடியோவைப் பற்றியும் எழுதியதை அப்புறம் பார்க்கலாம். மகளைப் பற்றிய அந்த ஒரு வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். கெட்டிக்காரி என்று. பை தரையில் தொப்பென்று விழுந்து உள்ளே கிளப் மட்டைகள் ஒன்றோடொன்று மோதினால் 97. சுவரோரம் மெல்லச் சாய்ந்தால் 89. இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தறிய ஒரு குழந்தைக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமை பிடித்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தீர்களா? அவளுக்கு கோல்ஃப் தெரியாது. 97-க்கும் 89-க்கும் அவள் வாழ்க்கையில் எந்த அர்த்தமும் இல்லை. அப்பாவிடம் இப்போது போய்ப் பேசலாமா, வீட்டுப் பாடத்தைக் காட்டலாமா, இல்லை அறைக்குள் இருந்துவிடுவதே நல்லதா என்று தெரிந்துகொள்ளத்தான் இதைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். தேவையில்லாமல் எந்தப் பிள்ளையும் காதை இப்படித் தீட்டிக்கொள்வதில்லை. இதைக் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லி ரசிக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இனிமேல் பையை ஓசைப்படாமல் வைத்தால் போயிற்று என்று நினைக்காதீர்கள். அவள் உங்கள் மௌனத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வாள். அவ்வளவுதான் நடக்கும்.

இப்போது 90 என்ற அந்த எண்ணுக்கு வருவோம். 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறைப்படி, உங்கள் கடைசி 20 ரவுண்டுகளை எடுத்து, மைதானத்தின் கடினத்துக்கு ஏற்பச் சரிசெய்து, அதில் சிறந்த 8-ஐ மட்டும் பொறுக்கிச் சராசரி போடுகிறார்கள். மீதி 12 ரவுண்டு அந்தச் சராசரியில் சேர்வதே இல்லை. ஆக, 18 என்பது நீங்கள் வழக்கமாக ஆடும் ஆட்டத்தின் அளவு அல்ல, நன்றாக ஆடும் நாட்களின் அளவு. பார் (கைதேர்ந்தவர் எடுக்க வேண்டிய அடிகள்) 72 உள்ள சாதாரணக் கடினமுள்ள மைதானத்தில் உங்களைப் போன்றவரின் நிஜமான சராசரி 93-ஐ ஒட்டி இருக்கும். 90-ஐத் தொடுவதோ அதற்குக் கீழே போவதோ நாலைந்து ரவுண்டுக்கு ஒருமுறை நடந்தால் ஹேண்டிகேப் சரியாக வேலை செய்கிறது என்று பொருள்.

உங்கள் கைபேசியில் அந்த 20 ஸ்கோரும் இருக்கும். திறந்து, கணக்கில் சேராத 12-ஐயும் ஒரு காகிதத்தில் தேதியோடு எழுதுங்கள். அந்த 12 நாளும் மாலையில் வீடு எப்படி இருந்தது என்று பக்கத்தில் எழுதப் பாருங்கள். ஹேண்டிகேப் முறையே கழித்துவிட்ட நாட்களை நீங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். நாளைக்கே உங்கள் ஹேண்டிகேப் 10-க்கு இறங்கினாலும் இந்த விகிதம் மாறாது. அப்போது 82-க்காக ஏங்குவீர்கள், அதுவும் நாலைந்தில் ஒருமுறைதான் கிடைக்கும், 86 அடித்துவிட்டு பையைத் தொப்பென்று போடுவீர்கள். முன்னேறினால் சந்தோஷம் வந்துவிடும் என்ற கணக்கு எந்த ஹேண்டிகேப்பிலும் நேராகாது.

ஆர்வம் எங்கே போயிற்று என்று கேட்டீர்கள். எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். சோமா என்ற கட்டைப் புதிரைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார். ஒரு குழுவுக்கு, இடையில் ஒரு நாள் மட்டும், தீர்த்த ஒவ்வொரு புதிருக்கும் காசு. அடுத்த நாள் காசு இல்லை. அன்றைக்கு ஓய்வு நேரத்தில் தானாகவே அந்தப் புதிரை எடுத்து விளையாடும் நேரம், காசு வாங்கிய குழுவுக்குக் குறைந்துபோயிற்று. விளையாட்டாக இருந்தது கூலி வேலையாகிவிட்டது. நீங்களும் உங்களுக்கு ஒரு கூலி நிர்ணயித்துக்கொண்டீர்கள். முதல் ஆறு வருடம் ஹேண்டிகேப் இறங்க இறங்கக் கூலி ஒழுங்காக வந்தது. மூன்று வருடமாக வரவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

உங்கள் 28 ஹேண்டிகேப் நண்பர் கூலி கேட்டு வரவில்லை. எதற்காக வருகிறார்? ஒரு ரவுண்டில் 93 அடி என்றால், ஒரு ஸ்விங்குக்கு ஒன்றரை விநாடி வைத்தாலும் பந்தை அடிக்கும் நேரம் மொத்தம் இரண்டரை நிமிடத்துக்கு மேல் போகாது. மீதி நாலு மணி நேரம் நடை, பேச்சு, அடுத்து எந்தக் கிளப் என்ற யோசனை. அந்த நாலு மணி நேரத்துக்காக வருகிறார். உங்களுக்கும் அவருக்கும் வித்தியாசம் 10 என்பதால், மேட்ச் (குழிக்குக் குழி வெற்றியை எண்ணும் போட்டி) ஆடினால் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (குழிகளின் கடின வரிசை) 1 முதல் 10 வரையுள்ள குழிகளில் அவருக்குக் குழிக்கோர் அடி கழித்துக்கொண்டு உங்களைச் சமமாக எதிர்கொள்கிறார், பல நாள் ஜெயிக்கவும் செய்வார். இத்தனை வித்தியாசமுள்ள இருவர் ஒரே ஆட்டத்தை நிஜமாகவே போட்டியாக ஆட முடிகிற விளையாட்டுகள் குறைவு. அப்புறம், ரவுண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ பந்து 7-அயர்ன் மட்டையின் நடு முகத்தில் படும். ஓரத்தில் பட்டால் கைக்கு ஏறும் அந்த அதிர்வு இருக்காது. கையில் எதுவுமே தெரியாது, பந்து மட்டும் போய்க்கொண்டிருக்கும். எப்போது வரும் என்று தெரியாததால்தான் அதற்காக மறுபடி மறுபடி வருகிறார்கள். 97 அடித்த நாளிலும் உங்களுக்கு அது வந்திருக்கும். மொத்தத்தைக் கூட்டும் அவசரத்தில் தவறவிட்டிருப்பீர்கள்.

அடுத்த எட்டு ரவுண்டுக்கு மொத்த ஸ்கோரைக் கூட்டாதீர்கள். ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் ஆடுங்கள். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற மருத்துவர் உருவாக்கிய இந்த முறையில் 1932-ல் இங்கிலாந்தின் வாலசி கோல்ஃப் சங்கத்தில் போட்டி நடந்தது. ஒரு மோசமான குழி முழு நாளையும் கெடுத்துவிடக் கூடாது என்பதே அதன் பயன். 18 குழிக்கு ஹேண்டிகேப் 18 என்பதால் உங்களுக்குக் குழிக்கு ஓர் அடி சலுகை உண்டு. எனவே போகிக்கு (பாருக்கு ஓர் அடி கூட) 2 புள்ளி, பாருக்கு 3, டபுள் போகிக்கு (இரண்டு அடி கூட) 1, டிரிபிள் அல்லது அதற்கு மேல் போனால் பூஜ்யம். பூஜ்யம் உறுதியானதும் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடங்கள். பார் 4-ல் 9 அடித்தாலும் இழப்பது இரண்டு புள்ளிதான். ஹேண்டிகேப்புக்கும் அதை 7 என்றுதான் எழுதப் போகிறார்கள். 36 புள்ளி என்றால் ஹேண்டிகேப் அளவுக்கு ஆடியதாகக் கணக்கு. 32, 33 சாதாரண நல்ல நாள்.

எந்த டீயில் (குழியின் முதல் அடியை அடிக்கும் இடம்) இருந்து அடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலும் பழக்கத்தில் பின் டீயாகத்தான் இருக்கும். உங்கள் 5-அயர்ன் சராசரியாக எத்தனை கெஜம் போகிறதோ அதை 36-ஆல் பெருக்குங்கள். 150 கெஜம் என்றால் 5,400. மைதானத்தின் நீளம் அதற்கு மேல் ஆயிரம் கெஜம் இருந்தால் ஒரு டீ முன்னால் வாருங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கார்டின் ஓரத்தில் மூன்று விஷயம் மட்டும் குறியுங்கள்: பெனால்டி அடிகள், கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) 30 கெஜத்துக்குள் இருந்து கிரீனில் ஏறாத சிப் (பந்தைச் சற்றே தூக்கி அடிக்கும் சிறு அடி), மூன்று பட் (கிரீனில் பந்தை உருட்டும் அடி) போட்ட குழிகள். 18 ஹேண்டிகேப்காரரின் அடிகள் இந்த மூன்று ஓட்டையிலும் நிறைய ஒழுகுகின்றன. டிரைவரை மாற்றி இவற்றை அடைக்க முடியாது.

சிப் ஏன் மண்ணைத் தோண்டுகிறது? பந்தைத் தூக்கிவிடும் நினைப்பில் எடை பின்காலில் தங்கிவிடுகிறது. ஸ்விங்கின் தாழ்ந்த புள்ளி பந்துக்குப் பின்னால் விழுகிறது. நிற்கும்போதே எடையில் பாதிக்கு மேல் முன்காலில் இருக்கட்டும், அடித்து முடியும்வரை அங்கேயே இருக்கட்டும். பந்து நடுவிலிருந்து சற்றுப் பின்னே, கைகள் பந்துக்குக் கொஞ்சம் முன்னே. பந்துக்கு ஒரு சாண் பின்னால் ஒரு துண்டை மடித்துப் போட்டு, துண்டில் படாமல் இருபது பந்து அடியுங்கள். தவறினால் துண்டே சொல்லிவிடும், வீடியோ தேவைப்படாது.

மூன்று பட் வருவது திசை தவறியதால் அல்ல, பெரும்பாலும் தூரம் தவறியதால். 30 அடி தூரத்திலிருந்து அடித்த முதல் பட் குழியை விட்டு 8 அடி தூரம் தள்ளி நின்றால் அடுத்ததைப் போடுவது பாதிக்குப் பாதி வாய்ப்பு, அதுவும் உச்சத்தில் இருக்கும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். அவ்வளவு தொலைவிலிருந்து அதையே குறிவைத்துப் பயிற்சி செய்வதில் லாபம் குறைவு. குழியைச் சுற்றி 3 அடி தூரத்தில் நான்கு டீக்களை (பந்தை ஏற்றி வைக்கும் சிறு குச்சிகள்) குத்தி வைத்து, 30 அடி தூரத்திலிருந்து பத்துப் பந்து. எத்தனை அந்த வட்டத்துக்குள் நிற்கிறது என்று எண்ணுங்கள். ஆறு நின்றால் ஆரம்பத்துக்கு நல்லது.

அந்த டீக்களைக் குத்தி வைக்க உங்கள் மகளை அழைத்துப் போங்கள். அரை மணி நேரம் போதும். அவளும் அடிக்கட்டும். ஒரே நிபந்தனை: அவள் பிடியையோ நிற்கும் விதத்தையோ நீங்கள் திருத்தக் கூடாது, அவளாகக் கேட்டாலொழிய. சலித்துவிட்டது என்று அவள் சொன்னதும் கிளம்பிவிட வேண்டும். உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் அவள் உள்ளே வருவது இதுவரை வாசல் சத்தம் வழியாக மட்டும்தான் இருந்திருக்கிறது.

குடும்பத்தைப் பொறுத்தவரை என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். வாரத்தில் ஆறு நாள் உழைப்பவருக்கு ஏழாம் நாள் சில மணி நேரம் தனக்கென்று வேண்டும். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரம் குடும்பம் விட்டுக்கொடுத்த நேரம். வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வரும்போது போனதைவிட மோசமாக வந்தால், அது கடனைத் திருப்பாமல் மேலும் கேட்பதுபோல. எட்டு ரவுண்டு முடிந்தும் பையின் சத்தம் மாறவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அப்போது தயங்கவே வேண்டாம். 18 ஹேண்டிகேப் ஒரு குழந்தையின் ஞாயிறு மாலைக்கு ஈடாகாது.

1925 அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர் பந்தை அடிக்கத் தயாரானபோது புல்லில் அது லேசாக அசைந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. தன் மேல் தானே ஓர் அடி போட்டுக்கொண்டார். கடைசியில் சமநிலையாகி, வெற்றியாளரைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் ஓர் அடியில் தோற்றார். அவரும் உங்களைப் போல அமெச்சூர்தான், காசுக்கு ஆடியவர் அல்ல. நடுவர் கூட வராமல், தன் அடியைத் தானே எண்ணிக்கொள்ளும் ஆட்டம் இது. ஒன்பது வருடமாக ஆடுகிறீர்கள், இதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மகள் விஷயத்தில் யாரும் எழுதாத அடிகள் நிறைய இருக்கின்றன. அவளிடம் போய், "நான் தோற்றதுக்கு நீ பயந்துகொண்டு இருந்திருக்கிறாய், அது என் தப்பு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம், ஹேண்டிகேப் கணக்கும் வேண்டாம்.

இதை ஞாயிறு காலை ஆடப் போவதற்கு முன்பே செய்துவிடுங்கள். ஆடிவிட்டு வந்து சொன்னால், இன்றைக்கு எத்தனை அடித்தார் என்பதோடு சேர்த்துத்தான் அதை அவள் கேட்பாள்.