சி.எஸ்.: டெல்லிக்கு முந்தைய பத்து வருடங்கள்

கேள்வி: மாநில அரசியலில் வளர்ந்து, மத்திய அமைச்சராகிப் பெரிதாகச் சாதித்த தமிழர் என்றால் யாரைச் சொல்வீர்கள்?

யோசிக்கவே மாட்டேன், சி. சுப்பிரமணியம்தான். நான் பொள்ளாச்சிக்காரன், ஊர்ப்பாசமும் இதில் உண்டு. 1910-இல் அவர் பிறந்த செங்குட்டைப்பாளையம் எங்கள் பக்கத்து ஊர்தான்.

சி.எஸ். என்றதும் எல்லோரும் நேராகப் பசுமைப் புரட்சிக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஆளை உருவாக்கியது 1952 முதல் 1962 வரை சென்னை மாநில அமைச்சராக அவர் இருந்த காலம் என்பது என் கருத்து. முதலில் ராஜாஜியிடம், பிறகு காமராஜரிடம். நிதி, கல்வி, சட்டம் என்று எல்லாமே கனமான இலாகாக்கள்.

1954-இல் ராஜாஜி விலகியதும் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குப் போட்டி வந்தது. ராஜாஜி தரப்பில் நின்றவர் சி.எஸ். காமராஜருக்கு 93 ஓட்டு, இவருக்கு 41. தன்னை எதிர்த்து நின்றவரையே காமராஜர் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். அது காமராஜரின் பெருந்தன்மை என்று நூறு முறை கேட்டிருப்போம், அது உண்மையும்கூட. ஆனால் சி.எஸ். பக்கம் நின்றும் பாருங்கள். எதிர்ப்பாளர்கள் 'குலக்கல்வி' என்று சாடிய ராஜாஜியின் தொடக்கக் கல்வித் திட்டம் கைவிடப்படுவதாக அதே ஆண்டு மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தவர் இவர்தான். தன்னை வளர்த்துவிட்டவரின் திட்டத்தைத் தானே எழுந்து முடித்துவைப்பது லேசான காரியமா? புது முதல்வருக்கு அதற்குமேல் என்ன விசுவாசம் காட்ட முடியும்!

கல்வியும் நிதியும் ஒரே ஆளிடம் இருந்ததும் நல்லதாகப் போயிற்று. பள்ளிக்கூடங்களில் மதிய உணவு, ஊருக்கு ஊர் புதுப் பள்ளிகள் என்று காமராஜர் ஆட்சி செய்தவற்றுக்குப் பின்னால் இந்த நிதியமைச்சரின் கணக்கு வழக்கு இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் அவர் பெயர் இன்னும் புழங்குவது பி.ஏ.பி. வாய்க்காலால்தான். மலையில் மேற்கே போகும் தண்ணீரை அணை கட்டித் தேக்கி, சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். 1961-இல் நேரு வந்து தொடங்கிவைத்தார். பாசனப் பரப்பை நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்து விடுவார்கள். நம்ம மண்டலத்துக்குத் தண்ணி விட்ட அன்றைக்கு மடையோரம் நிற்கும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், சி.எஸ்., வி.கே. பழனிசாமிக் கவுண்டர், நா. மகாலிங்கம் என்று இந்தத் திட்டத்துக்குப் பாடுபட்ட மூன்று பேரின் பெயரையும் ஒரே மூச்சில் சொல்வார்கள்.

1962-இல் பொள்ளாச்சி எம்.பி. ஆனார். நேரு உருக்குத் துறையைக் கொடுத்தார். 1964-இல் சாஸ்திரி உணவு, வேளாண்மையைக் கொடுத்தார். அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு காத்திருந்த நேரம் அது. விளைவிப்பவனுக்குக் கட்டுப்படியாகும் விலை கொடுத்தால்தான் விளைச்சல் கூடும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியுடனேயே மோத வேண்டியிருந்தது. பத்து வருடம் தானே கஜானாவைப் பார்த்துக்கொண்டவர், அதனால் நிதியமைச்சரின் வாதங்களுக்கு அசரவில்லை. 1965-இல் இந்திய உணவுக் கழகமும் விவசாய விலைக் குழுவும் வந்தன. வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையில் பி.பி. பால் என்ற விஞ்ஞானியை உட்கார வைத்தார். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை இறங்கியது. டெல்லியில் தன் பங்களாவின் புல்வெளியையே உழுது அந்தக் கோதுமையை விதைத்தாராம். பொள்ளாச்சி சம்சாரி வேறென்ன செய்வார்!

இந்தி எதிர்ப்புப் போராட்டம் உச்சத்தில் இருந்த 1965 பிப்ரவரியில் இன்னொரு தமிழக மத்திய அமைச்சரான ஓ.வி. அளகேசனோடு சேர்ந்து ராஜினாமா கொடுத்தார். குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் ஏற்க மறுத்ததால் இருவரும் பதவியில் தொடர்ந்தார்கள். அப்படியும் 1967 தேர்தலில் காங்கிரசுக்கு எதிராக அடித்த அலையில் தோற்றுப்போனார். அந்த விதைகளின் விளைச்சல் நாட்டுக்குத் தெரியத் தொடங்கிய 1968-இல் அவர் அமைச்சராக இல்லை. அதுதான் எனக்கு மனது ஆறாத இடம்.

பிறகு திட்டக் குழு, மத்திய நிதி, 1979-இல் பாதுகாப்பு, மகாராஷ்டிர ஆளுநர் என்று நிறைய பார்த்தார். 1998-இல் பாரத ரத்னா. ஒரு குறையையும் மறைக்காமல் சொல்கிறேன். நெருக்கடி நிலைக் காலம் முழுக்க அவர் இந்திரா காந்தியின் நிதியமைச்சர். மொழிக்காக 1965-இல் ராஜினாமா எழுதிய கை, 1975-இல் எழுதவில்லை. அவரை இவ்வளவு மதிக்கும் என்னால் அதை மட்டும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.