விறாந்தை லைற்றுக்கு வரும் அந்துப்பூச்சி புது இனமா?

கேள்வி: மத்திய ஆசியாவின் மலைப் புல்வெளி ஒன்றில் புதிய அந்துப்பூச்சி இனத்தைக் கண்டுபிடித்து விபரித்திருக்கிறார்கள் என்று வாசித்தேன். எங்கள் வீட்டு விறாந்தை லைற்றடிக்கும் மூன்று நாளாகச் சாம்பல் நிறத்தில் ஒன்று வருகிறது. கூகிள் லென்ஸ் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர் சொல்கிறது. இதுவும் புது இனமாக இருக்குமா? யாரிடம் காட்டுவது? அம்மம்மாவின் பெயரை வைக்க முடியுமா?
(உயர்தர உயிரியல் மாணவி, சாவகச்சேரி)

பதில்: தங்கச்சி, லென்ஸ் முழிப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அது படத்தோடு படத்தை ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். இலங்கையின் சின்னச் சாம்பல் அந்துகளுக்கு ஒப்பிட நல்ல படங்களே இணையத்தில் குறைவு.

வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது அலரி மரத்தடியில் கண்டதாகச் சொல்லி, பச்சையும் இளஞ்சிவப்பும் பளிங்குபோல் கலந்த பெரிய அந்து ஒன்றின் படத்தை எனக்கு அனுப்புவார்கள். “இது புத்தகத்தில் இல்லை” என்பார்கள். அதற்கு, உயிரினங்களுக்கு இருசொல் பெயரிடும் முறையை வகுத்த சுவீடன்காரர் லின்னேயஸ் 1758இலேயே பெயர் வைத்துவிட்டார். அதன் புழு அலரி இலையும் நந்தியாவட்டை இலையும் தின்று வளரும். நம் கையிலுள்ள படப் புத்தகத்தில் இல்லாதது வேறு, உலகத்தில் யாரும் எழுதாதது வேறு. வண்ணத்துப்பூச்சி, அந்து இரண்டும் சேர்ந்து ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் இருக்கிறது. அதில் பெரும்பங்கு அந்துதான்.

நீங்கள் வாசித்த செய்தியை நம் முற்றத்தோடு அப்படியே பொருத்தவும் முடியாது. அல்தாய், தியான் ஷான் பக்கத்து மலைப் புல்வெளிகளில் பகல் வெயில் சுடும், இரவில் கை விறைக்கும். ஒரு மலைத்தொடருக்கும் அடுத்ததற்கும் நடுவே வறண்ட பள்ளம். குளிர்ப் புல்லில் வாழப் பழகிய பூச்சி அந்தச் சூட்டைக் கடந்து போவது அரிது. நெடுங்காலம் இப்படிப் பிரிந்து கிடந்தால் மலைக்கு மலை இனம் வேறாகிவிடும். யாழ்ப்பாணமோ தட்டை நிலம். கடல்தான் வேலி, அதையும் காற்றோடு தாண்டிவரும் அந்துகள் உண்டு. அதனால் உங்கள் பூச்சிக்கு முதலில் தென்னிந்தியப் பட்டியல்களில் பெயர் தேடுங்கள். பழைய நூல்களில் ஃபிரெடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை இலங்கையின் வண்ணத்துப்பூச்சி, அந்து இரண்டையும் பற்றி எழுதிய மூன்று தொகுதிகளும், ஹாம்ப்சன் 1892 தொடங்கி இந்திய அந்துகளைப் பற்றி எழுதிய தொகுதிகளும் இன்றைக்கும் உதவும். மூரின் நூலில் டி அல்விஸ் குடும்பத்து ஓவியர்கள் தீட்டிய படங்களைப் பார்ப்பதற்காகவே ஒரு தடவை புரட்டலாம்.

சரி, பெயர் எங்கேயும் கிடைக்கவில்லை என்று வையுங்கள். அப்போதும் புது இனம் ஆகிவிடாது. ஒரே இனத்தில் ஆண் ஒரு மாதிரி, பெண் ஒரு மாதிரி இருக்கும். மாரியில் கருமையாக வருவது கோடையில் வெளிறி வரலாம். மூன்று நாள் லைற்றில் முட்டியது என்றால் செதில் பாதி உதிர்ந்து கோலமே மாறியிருக்கும். விரலால் தொட்டால் ஒட்டுகிற அந்த மாவுதான் செதில், இறக்கையின் கோலமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அதனால் நிபுணர்கள் இறக்கையோடு நிற்பதில்லை, வயிற்றைத் திறந்து பார்ப்பார்கள். காய்ந்த பூச்சியின் வயிற்றுப் பகுதியை மட்டும் கழற்றி, பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இட்டுச் சூடாக்குவார்கள். தசையும் கொழுப்பும் கரைந்துபோகும், பூச்சியின் வெளிக்கூட்டை ஆக்கும் கெட்டியான கைற்றின் மிஞ்சும். அதை நுணுக்குக்காட்டியின் கீழ் ஊசி நுனியால் துப்புரவாக்கினால் இனப்பெருக்க உறுப்பின் வடிவம் தெளிவாகத் தெரியும். கொக்கி போல, கரண்டி போல, முள் வைத்த குழாய் போல என்று இனத்துக்கு இனம் வேறு. ஆணின் உறுப்பும் பெண்ணின் உறுப்பும் பூட்டும் திறப்பும் போலப் பொருந்தும் என்று பாடத்தில் சொல்வார்களே, அந்த உவமை முழுக்கச் சரியில்லை, ஆனால் ஞாபகம் வைக்க நல்லது. மலைப் புல்வெளியின் மண்ணிற அந்துகள் நாலைந்து ஒரே சரிவில் பறக்கும், இறக்கையைப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு. பிரிப்பது இந்த உறுப்புத்தான். ஒரு காலை முறித்து மரபணுவும் பார்ப்பார்கள். வழக்கமாக எடுப்பது 658 எழுத்து நீளத் துண்டு. ஆனால் அது சந்தேகத்தைக் கிளப்பும், தீர்ப்புச் சொல்லாது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் விபரணம் எழுதுவது. ஒரேயொரு பூச்சியை ‘ஹோலோடைப்’, அதாவது அந்தப் பெயருக்கு அடையாளமான மூல மாதிரி, என்று குறிக்க வேண்டும், அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்றும் எழுத வேண்டும். 1999க்குப் பிறகு இது கட்டாயம். கிட்டத்து உறவினங்களிலிருந்து எதில் வேறுபடுகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். இதற்காகவே பூச்சி அருங்காட்சியக இழுப்பறையில் வேறு பெயரோடு பல வருடம் படுத்துக் கிடப்பதுண்டு. செய்தியில் ‘கண்டுபிடித்தார்கள்’ என்று வருவது பல நேரம் அந்த இழுப்பறையைத் திறந்த கதைதான்.

உங்கள் பங்கு என்ன? இன்றிரவு மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். யன்னல் கண்ணாடியில் இருந்தால் மறுபக்கம் போய் அடியையும் எடுங்கள். அளவு தெரிய ஓர் அடிமட்டம் வையுங்கள். உணர்கொம்பு இறகு போலா, நூல் போலா என்று பாருங்கள். திகதி, நேரம், மழையா, வளவில் என்ன மரம் என்று எழுதுங்கள். புழுவைக் கண்டு, அது தின்னும் இலையையும் அறிந்தால் அதுதான் பெரிய தகவல், பலருக்குக் கிடைக்காதது. பிறகு படங்களை, பலர் சேர்ந்து உயிரினங்களை இனங்காணும் ஐநேச்சுரலிஸ்ட் இணையத்தளத்தில் போடுங்கள், திருநெல்வேலியில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையிலும் காட்டுங்கள். ஆய்வுக்கென்று உயிரோடு பிடித்துச் சேர்க்க வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி தேவை, அதை அவர்களிடமே கேட்டுச் செய்யுங்கள். ஒன்றையும் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட வேண்டாம், சட்டச் சிக்கல். அப்புறம், அந்த லைற்றடிப் பல்லியைக் கொஞ்சம் விரட்டி வையுங்கள்.

பெயர் விஷயம். விபரிப்பவர்தான் பெயர் வைப்பார். கண்டெடுத்தவரைக் கௌரவிப்பது வழக்கம், தன் பெயரைத் தானே வைத்தால் சிரிப்பார்கள். 2017இல் கலிபோர்னியா அந்து ஒன்றுக்கு, அதன் தலையிலிருந்த மஞ்சள் வெள்ளைச் செதிலைப் பார்த்து டொனால்ட் ட்ரம்ப்பின் பெயரையே வைத்தார்கள். அம்மம்மாவுக்கும் தடை இல்லை. இலத்தீன் வாலில் ஆணுக்கு ‘இ’, பெண்ணுக்கு ‘ஏ’, ஊருக்கு ‘என்சிஸ்’. உதாரணத்துக்கு, பூமணி என்ற பெயர் ‘பூமணியே’ ஆகும். அடுப்படியிலிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி.