ஜிம்மிக்கு விசர் இல்லை

கேள்வி: டொக்டர், எங்கள் நாய் ஜிம்மிக்கு 13 வயது. நாலைந்து மாதமாக ராத்திரியில் தூங்குவதில்லை. இஸ்தோப்புக்கும் குசினிக்கும் நடந்துகொண்டே இருக்கிறான், சுவரைப் பார்த்து நின்று முனகுகிறான், வீட்டுக்குள்ளேயே மூத்திரம் பெய்கிறான். போன கிழமை, படுத்திருந்தவனைத் தொட்ட பேரனைப் பார்த்து உறுமிவிட்டான். லயத்தில் எல்லோரும் விசர் பிடித்துவிட்டது, கொன்றுவிடுங்கள் என்கிறார்கள்.
- வாசகி, நோர்வூட்

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள் அம்மா. விசர் நோயின் (ரேபிஸ்) அறிகுறி தெரியத் தொடங்கிய நாய் பெரும்பாலும் 10 நாட்களுக்குள் செத்துப்போகும், மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்காது. திடீரென்று குணம் மாறி, எச்சில் வடித்து, விழுங்க முடியாமல் கண்டதையெல்லாம் கடித்தால் அது வேறு கதை, அப்போது யாரும் கிட்டப் போகக் கூடாது.

ஜிம்மியுடையது முதுமை மறதி மாதிரித் தெரிகிறது. மனிதருக்கு வருவது போலவே நாய்க்கும் மூளையில் புரதம் படிந்து வழி தடுமாறும், பகலும் இரவும் மாறிப்போகும். 2001 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 11, 12 வயது நாய்களில் 28 வீதத்துக்கும் 15, 16 வயது நாய்களில் 68 வீதத்துக்கும் இப்படி ஒரு குறியாவது இருந்தது. நான் பார்த்த ஒரு நாய்க் கிழவன், கதவு திறக்கிற பக்கத்தை விட்டுவிட்டுப் பிணைச்சல் பக்கமாக மூக்கை வைத்துக்கொண்டு, யாராவது திறப்பார்கள் என்று அரை மணித்தியாலம் நின்றான், பாவம்.

ஆனால் எல்லாவற்றையும் மறதியின் தலையில் போட்டுவிடாதீர்கள், முதலில் தேட வேண்டியது வலியை. காலையில் எழும்பும்போது பின்னங்கால் விறைத்திருக்கிறதா, படி ஏறத் தயங்குகிறானா, ஒரு பக்கமாகவே மெல்லுகிறானா என்று பாருங்கள். நம் பக்கத்துக் குளிரில், பொலிஷ் போட்ட சிவப்புச் சீமெந்தில் கிழட்டு மூட்டு படும் பாடு கொஞ்சமல்ல. தண்ணீர் அதிகம் குடித்து மூத்திரமும் அதிகம் போனால் சிறுநீரகமாகவோ நீரிழிவாகவோ இருக்கலாம். வலிக்கிறதே என்று வீட்டில் கிடக்கும் பனடோலையோ டைக்ளோஃபெனாக்கையோ கொடுத்துவிடாதீர்கள், அவை நாயைக் கொன்றுவிடக்கூடும்.

பேரனைப் பார்த்து உறுமியதும் குணக்கேடு இல்லை. காது மந்தமான நாயைத் தூக்கத்தில் தொட்டால் திடுக்கிடத்தான் செய்யும். கண்ணையும் சோதியுங்கள்: சின்னப் பஞ்சு உருண்டையை அவன் முன்னால் போடுங்கள், சத்தமே வராது, கண் அதன் பின்னால் போகிறதா பாருங்கள். இனிமேல் எழுப்புவதானால் தரையைத் தட்டி அதிர வைத்து எழுப்புங்கள், பேரனைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளியே வைத்திருங்கள்.

அப்புறம், அவன் நடக்கிற பாதையெல்லாம் சாக்கு விரியுங்கள், படுக்கைக்கு மடித்த கம்பளி, ராத்திரிக்கு ஒரு சின்ன பல்ப், தூங்கப் போகுமுன் வெளியே ஒரு நடை. சாமான்களை இடம் மாற்றாதீர்கள். சத்தம் தாங்கவில்லை என்று வெளியே மட்டும் கட்டிவிடாதீர்கள், தேயிலைக்குள் சிறுத்தை நடமாடுகிற ஊரில் கட்டிப்போட்ட கிழட்டு நாய் ஒரு ராத்திரிகூடத் தாங்காது.

மறதி முழுதாகக் குணமாகாது. செலிஜிலின் என்ற மாத்திரையால் சில நாய்கள் கொஞ்சம் தெளிகின்றன, ஆனால் இரத்தமும் சிறுநீரும் பார்த்த பிறகு மருத்துவரே எழுதித் தர வேண்டும். மருத்துவர் முன்னால் ஜிம்மி நல்ல பிள்ளையாக நிற்பான், அதனால் அவன் ராத்திரியில் நடப்பதை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். விசர் தடுப்பூசி அட்டையையும் எடுங்கள், இந்த வருடத்து ஊசி போட்டிருந்தால் போகிற வழியில் பக்கத்துக் காம்பராக்காரரிடமும் ஒரு தடவை காட்டிவிட்டுப் போங்கள்.